ஒரே கூரையின் கீழ் குத்திப் பேசுகிறவர்கள்: 2007 பிக் பிரதர் வீடு, ஒரு நிகழ்வு ஆய்வு

சண்டை தொடங்கியது ஒரு ஸ்டாக் க்யூபில். குழம்பில் கரைத்துப் போட்டால் கோழிச் சாற்றின் சுவை வருமே, வெள்ளிக் காகிதம் சுற்றிய அந்தச் சிறு கட்டி. வாரச் சாமான் பட்டியலில் அது எத்தனை வந்தது, யார் எடுத்தார்கள் என்று ஆரம்பித்த பேச்சு கத்தலாக மாறியது. கத்தியவர் பிரிட்டிஷ் டிவி பிரபலம் ஜேட் கூடி, எதிரே நின்றவர் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி. கூட இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். 2007 ஜனவரி நடுவில் இங்கிலாந்தில் ஒளிபரப்பான அந்தச் சண்டைதான் பிரதமர்வரை பேச வைத்தது.

இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விடுதி, பேச்சிலர் வீடு, பகிர்ந்து வாடகைக்கு எடுத்த ஃபிளாட் என்று எங்கே நடந்தாலும், கூட இருப்பவர் இனத்தைக் குத்திப் பேசியதற்குச் சாட்சி கிடைப்பதில்லை. ஒருவர் இப்படிச் சொன்னார் என்பார், இன்னொருவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். இங்கே மட்டும் வீடு முழுக்க கேமரா இருந்தது. பேச்சு எங்கே ஆரம்பித்து எங்கே போய் நின்றது என்பதை நாள் வாரியாகப் பார்க்க முடிகிறது. நம் வீடுகளில் கண்ணுக்குப் படாமல் நடப்பதன் பதிவு என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

வீடும் ஆட்களும்

பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய நிகழ்ச்சி இது. பிரபலங்களை ஒரு வீட்டில் அடைத்துவைக்கும் பிக் பிரதரின் ஐந்தாவது தொடர். லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் வீடு. தயாரித்தது எண்டெமால் நிறுவனம். 2007 ஜனவரி 3 அன்று 11 பேர் உள்ளே போனார்கள். ஷில்பாவைத் தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும். மங்களூரில் பிறந்தவர், இங்கே பிரபுதேவாவுடன் நடித்தவர், அப்போது வயது 31. இரண்டு நாள் கழித்து ஜேட், அவருடைய அம்மா ஜாக்கி, காதலர் ஜாக் ட்வீட் மூவரும் வந்தார்கள்.

அந்த வருகையை எப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜேட் குடும்பம் எஜமானர்கள், மற்றவர்கள் அவர்களுக்கு வேலைக்காரர்கள் என்பதுதான் விளையாட்டு. பணிவிடை செய்ய மாட்டேன் என்று ஒரு இளம் பாடகர் சுவரேறிக் குதித்தே போய்விட்டார். ஒரு வீட்டில் முதல் வாரமே யார் மேலே, யார் கீழே என்று பிரித்துவிட்டால் அப்புறம் வரும் பேச்சு எல்லாம் அந்தச் சரிவிலேயே உருளும். கல்லூரி விடுதிகளில் சீனியர், ஜூனியர் என்று பிரிப்பதும் இதே சரிவுதான்.

சிலர் தாங்களாகவே வெளியேறினார்கள், சிலர் வாக்கெடுப்பில் வெளியேற்றப்பட்டார்கள். ஜனவரி நடுவில் மிஞ்சியது ஒன்பது பேர். ஒரு பக்கம் ஜேட், ஜாக், எஸ் கிளப் என்ற பாப் குழுவின் முன்னாள் பாடகி ஜோ ஓமேரா, மாடல் டேனியெல் லாயிட் ஆகிய நால்வர். இன்னொரு பக்கம் ஷில்பா ஒருவர். மீதி நாலு பேர்: மைக்கேல் ஜாக்சனின் அண்ணன் ஜெர்மெய்ன் ஜாக்சன், அமெரிக்க நடிகர் டர்க் பெனடிக்ட், பாடகர் இயன் வாட்கின்ஸ், நடிகை க்ளியோ ரோகோஸ். நாலு, ஒன்று, நாலு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு வந்த வழி

முதலில் வந்தது பெயர். ஷில்பா என்ற மூன்றெழுத்துப் பெயர் வாயில் வரவில்லை என்று ஜேட்டின் அம்மா அவரை ‘இந்தியப் பெண்’ என்றே குறிப்பிட்டார். ஏதோ நாக்கு புரளவில்லை என்று அன்று விட்டுவிடலாம். ஆனால் ஒரே மேசையில் சாப்பிடும் ஒருவரை நாட்டின் பெயரால் குறிப்பிடத் தொடங்கிவிட்டால், அந்த ஆள் மெல்ல மறைந்து நாடு மட்டும் நிற்கும். அப்புறம் அந்த நாட்டைப் பற்றி நமக்குத் தெரிந்த அரைகுறைக் கதை எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றுவது சுலபமாகிவிடுகிறது.

அடுத்து சமையலறை. ஷில்பா சமைத்தார், உணவைக் கையால் தொட்டார். அந்தக் கை எங்கெல்லாம் போய்வந்ததோ என்ற பொருளில் டேனியெல் பேசினார். கையால் சாப்பிடுவது இந்தியாவிலா சீனாவிலா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. கோழி சரியாக வேகவில்லை என்ற புகாரிலிருந்து, இந்தியர்கள் இப்படி வேகாததைத் தின்று நோயில் விழுவதால்தான் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று ஜோ முடிவு கட்டினார். கோழி வேகவில்லை என்றால் வேகவில்லை என்று சொல்லலாம், அது சமையல் பற்றிய பேச்சு. ஒரு சட்டிக் கோழியிலிருந்து நூறு கோடி மக்களின் உடம்புக்குத் தாவினாரே, அங்கேதான் அது வேறு பேச்சாகிவிட்டது.

உச்சரிப்பைப் போலச் செய்து காட்டினார்கள். ஷில்பா தன் ஊருக்கே ஓடிப்போகட்டும் என்று கெட்ட வார்த்தை சேர்த்து டேனியெல் சொன்னார். ஸ்டாக் க்யூப் சண்டையில் ஜேட், நீ ஒரு நாள் சேரிகளுக்குப் போய்ப் பார் என்று கத்தினார். பிறகு ஷில்பாவின் குடும்பப் பெயர் நினைவுக்கு வராததுபோல வரிசையாகப் பெயர்களை அடுக்கினார், அதில் ஒன்று ‘ஷில்பா பாப்படம்’. பாப்படம் என்றால் அப்பளம். தென்னிந்தியாவின் பப்படம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. நம் பந்தியில் கடைசிவரை கூட வரும் ஒரு பொருளின் பெயரை எடுத்து ஒருத்தியின் பெயருக்குப் பதிலாக எறிந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இனத்தைச் சொல்லித் திட்டும் அந்தப் பச்சையான வார்த்தை, ஒளிபரப்பான எந்தக் காட்சியிலும் இல்லை. பெயர், கை, கோழி, உச்சரிப்பு, ஊர், சேரி. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். நாக்கு புரளவில்லை, பசி, களைப்பு, கோபம், விளையாட்டு. கூட வாழ்பவர்கள் குத்துவது இப்படித்தான். தெருவில் போகிற முன்பின் தெரியாதவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விடுவான். வீட்டில் இருப்பவருக்கு அவசரமில்லை. தினம் ஒரு சிட்டிகை போதும்.

எங்கள் சமையலறை

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் சிரித்த பக்கத்தில் இருந்தவன். வேளச்சேரியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். நாலு பேர் தென்மாவட்டத்துக்காரர்கள், ஒருவன் மணிப்பூர்க்காரன். வந்த முதல் வாரமே அவனுக்கு ‘சைனா’ என்று பெயர் வைத்தாயிற்று. அவன் பெயர் கூப்பிட நீளமாக இருக்கிறது என்பது எங்கள் காரணம். வெங்கடசுப்பிரமணியன் என்று ஒருத்தன் அதே வீட்டில் இருந்தான், அவன் பெயர் எங்களுக்கு நீளமாகத் தெரியவில்லை.

ஊரிலிருந்து அவன் ங்காரி கொண்டுவருவான். புளிக்கவைத்த மீன். அதை இடித்து, வேகவைத்த காய்கறியோடும் மிளகாயோடும் சேர்த்துப் பிசைந்து எரோம்பா என்று ஒன்று செய்வான். அந்த நாளில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறப்போம். ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவன் கருவாட்டுக் குழம்பு வைத்தால் மாடிப்படிவரை அடிக்கும், அதற்கு வாசனை என்று பெயர். நாய்க்கறி தின்பீர்களா, பாம்பு தின்பீர்களா என்று கேட்போம். அவனும் சிரிப்பான். ஒரு வருடம் கழித்து வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். போகும்போது, பரவாயில்லை அண்ணா, எல்லாம் ஜாலிக்குத்தானே என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வரியை ரொம்ப நாள் நான் சான்றிதழ்போல வைத்திருந்தேன்.

வெளியே நடந்தது

இங்கிலாந்தில் பார்வையாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 44,500க்கும் மேல் புகார்கள் குவிந்தன. அதுவரை அந்த அமைப்பு எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு புகாரைக் கண்டதில்லை. நாடாளுமன்றத்தில் பிரதமர் டோனி பிளேரிடம் கேள்வி கேட்டார்கள். நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் அந்த வாரம் பார்த்து இந்தியாவில் இருந்தார். வர்த்தகம் பேச வந்தவரிடம் எல்லோரும் பிக் பிரதர் பற்றியே கேட்டார்கள். பாட்னாவில் உருவபொம்மை எரித்தார்கள். நிகழ்ச்சிக்கு விளம்பரதாரராக இருந்த கார்ஃபோன் வேர்ஹவுஸ் ஜனவரி 18 அன்று ஆதரவை நிறுத்திவைத்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் போலீஸ் விசாரித்தது, ஆனால் குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

ஜனவரி 19 வாக்கெடுப்பில் ஜேட்டும் ஷில்பாவும் எதிரெதிரே நின்றார்கள். ஜேட்டை வெளியேற்ற 82 சதவீத வாக்குகள் விழுந்தன. வழக்கமாக வாசலில் நிற்கும் கூட்டத்தை அன்று அனுமதிக்கவில்லை. ஜனவரி 28 அன்று 63 சதவீத வாக்குகளோடு ஷில்பா வென்றார்.

கதை அங்கே முடிந்து நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் அப்போது இந்தியப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்த வெற்றியைவிட முக்கியமாகப் படுவது நடுவில் வந்த இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சேனல் 4 முதலில் வெளியிட்ட அறிக்கை. வெளிப்படையான இனவெறிப் பேச்சோ நடத்தையோ இல்லை, ஷில்பாவுக்கும் மூன்று பிரிட்டிஷ் பெண்களுக்கும் நடுவே இருப்பது பண்பாட்டு, வர்க்க மோதல் என்று அதில் சொன்னார்கள். ‘மோதல்’ என்ற சொல்லைப் போட்டதும் இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. வார்டனிடம் போய்ச் சொன்னால் ‘ரூம்மேட்ஸுக்குள்ள சின்னப் பிரச்சினை’ என்று எழுதிக்கொள்வாரே, அதேதான். வர்க்கம் அதில் இருந்தது உண்மை. ஷில்பா வசதியானவர், வேலையாட்களோடு வளர்ந்தவர், பேச்சில் ஒரு மிடுக்கு உண்டு. ஜேட் ஏழ்மையில் வளர்ந்தவர், அந்த மிடுக்கு அவரைச் சுட்டிருக்கும். ஆனால் பணக்காரத் திமிர் என்று சொல்லித் திட்டியிருந்தால் அது வர்க்கக் கோபம். கையையும் ஊரையும் அப்பளத்தையும் எடுத்த பிறகு அந்தக் கோபத்துக்கு வேறு பெயர் வந்துவிடுகிறது.

அவரே இல்லை என்றாரே

இரண்டாவதுதான் இந்த ஆய்வின் நடுநாயகம். ஷில்பாவே, இது இனவெறி இல்லை என்று பின்னால் சொன்னார்.

நடந்த வரிசையைப் பாருங்கள். முதலில் க்ளியோவிடம் தனியாகப் பேசும்போது தான் உணர்வதைச் சொல்கிறார். இதில் இனவெறி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்கிறார் க்ளியோ. இல்லை, இருக்கிறது, நான் சொல்கிறேன் என்கிறார் ஷில்பா. ஆறுதலுக்காகப் பேசிய தோழியே முதலில் மறுத்ததைக் கவனியுங்கள். க்ளியோ கெட்ட மனதோடு சொல்லவில்லை, விஷயத்தைச் சிறிதாக்கினால் வலியும் சிறிதாகும் என்று நினைத்திருப்பார். நாமும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறோம். ‘அவன் அப்படி நினைச்சுச் சொல்லியிருக்க மாட்டான்டா.’

அடுத்து, போட்டியாளர்கள் தனியாகக் கேமராவிடம் பேசும் டைரி அறைக்குப் போகிறார். அதற்குள் கொஞ்சம் யோசித்திருக்கிறார். ஜேட் செய்ததில் இனப்பாகுபாடு இருப்பதாகத் தான் நினைக்கவில்லை, கோபத்தில் மனிதர்கள் ஏதேதோ சொல்வார்கள் என்கிறார். ஜேட் மன்னிப்புக் கேட்கிறார், இருவரும் சமாதானமாகிறார்கள்.

இந்தப் பேச்சைத்தான் அன்றும் இன்றும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்: பாதிக்கப்பட்டவரே இல்லை என்கிறார், அப்புறம் உங்களுக்கு என்ன? நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் எங்கே இருந்து அதைச் சொன்னார்? பூட்டிய வீட்டில் இருந்து. அன்று இரவு அந்த நாலு பேரோடு அதே கூரையின் கீழ் தூங்க வேண்டும். காலையில் அதே அடுப்பில் தேநீர் போட வேண்டும். வெளியே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 44,000 பேர் தன் பக்கம் நிற்பது தெரியாது. தெரிந்தது உள்ளே இருக்கும் கணக்கு மட்டும்: நாலு, ஒன்று, நாலு.

கூட வாழும் ஒருவரைப் பார்த்து ‘நீ செய்தது இனவெறி’ என்று சொன்னால் அப்புறம் அந்த வீட்டில் வாழ்க்கையே மாறிவிடும். சொன்னவர் மீதே பழி திரும்பும். ரொம்ப சென்சிட்டிவ், சண்டைக்காரி, இனத்தைக் காட்டி அனுதாபம் தேடுகிறாள் என்பார்கள். அதனால் காயம்பட்டவர் ஒரு கணக்குப் போடுகிறார். பெயர் சொல்வதா, நிம்மதியாகத் தூங்குவதா? பெரும்பாலும் தூக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது அவர்களின் உரிமை, அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தேர்வை எடுத்து, பார்த்தாயா, ஒன்றுமே நடக்கவில்லை என்று காட்டுவது அநியாயம். ‘எல்லாம் ஜாலிக்குத்தானே’ என்று என் அறைத்தோழன் சொன்னதும் வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டுதான்.

மீதி நாலு பேர்

ஜெர்மெய்ன் ஷில்பாவிடம் அன்பாக இருந்தார். அமைதியாக இரு என்றார், கூட உட்கார்ந்தார். டர்க்கும் இயனும் அவருக்குப் பிரியமானவர்கள்தான். அந்தப் பிரியத்தின் பெரும்பகுதி தனியறையில் நடந்தது. சமையலறையில் கை பற்றிய பேச்சு வந்த நேரத்தில், ‘அதை விடு, இப்படிப் பேசாதே’ என்று ஒரு வாய் அங்கேயே எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். டேனியெலுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஜேட்டின் நிழலில் சிரித்துக்கொண்டிருந்தவர். சிரிப்புக்குத் துணை கிடைக்காமல் போனால் அந்த வயதில் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

சொன்னவரைவிடச் சிரித்தவர்கள்தான் அந்தப் பேச்சை வளர்த்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வேளச்சேரி வீட்டிலும் ‘சைனா’ என்று முதலில் கூப்பிட்டவன் ஒருவன்தான். சிரித்து அதை நிலைக்க வைத்தது நாங்கள் மூன்று பேர்.

கேமராவுக்குப் பின்னால்

2007 மே 24 அன்று ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னது. மூன்று காட்சிகளைக் குறிப்பிட்டு, ஒளிபரப்பு விதிகளைச் சேனல் 4 மீறியதாக முடிவு செய்தது: இந்தியச் சமையல் பற்றிய பேச்சு, ஊருக்கு ஓடு என்றது, பாப்படம் என்றது. முகம் சுளிக்க வைக்கும் பேச்சை ஒளிபரப்பக் கூடாது என்று ஆஃப்காம் சொல்லவில்லை. நடந்ததை மறைப்பதும் தவறுதானே. அந்தப் பேச்சைக் கண்டிக்காமலும், தலையிடாமலும், எந்த விளக்கமும் இல்லாமல் பொழுதுபோக்காகக் காட்டியதுதான் தவறு என்றது. அபராதம் இல்லை. ஆனால் அடுத்த பிக் பிரதர் தொடரின் முதல் நாளிலேயே இந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைத் திரையில் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. ஒளிபரப்பாகாத ஒரு பதிவு. ஜேட்டின் கூட்டம் வேடிக்கைப் பாட்டு கட்டும்போது, தெற்காசியர்களை இழிவாகத் திட்ட பிரிட்டனில் பயன்படும் ஒரு சொல்லைச் சுற்றி விளையாடியிருக்கிறது. தயாரிப்புக் குழுவுக்கு இது தெரியும். சேனலின் மேலிடத்துக்குத் தகவல் போகவில்லை. வெளிப்படையான இனவெறி எதுவும் இல்லை என்று சேனல் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தபோது, அதை நொறுக்கும் டேப் அலமாரியில் இருந்தது. வீட்டில் நடப்பதைக் கண்காணிப்பது தங்கள் வேலை என்று சொல்லிக்கொண்டவர்கள் கண்டும் மேலே சொல்லவில்லை. பல விடுதிகளில் வார்டனுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே புகார்கள் காணாமல் போவதும் இப்படித்தான்.

பிறகு ஓரளவு பாடம் படித்தார்கள். 2007 ஜூனில் அடுத்த தொடரில், கறுப்பினத்தவரைத் திட்டும் சொல்லை ஒரு போட்டியாளர் வாய்விட்டபோது சில மணி நேரத்தில் வீட்டை விட்டு அனுப்பினார்கள். கோடு எங்கே என்று தெரிந்தால் வேகமாக நடக்க முடிகிறது. பச்சையான சொல்லுக்குக் கோடு போடுவது எளிது, கோழிக்கும் கைக்கும் யார் கோடு போடுவது?

ஜேட்

ஜேட்டைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் இல்லை. லண்டன் பெர்மன்ட்சியில் வளர்ந்தவர். அப்பா போதையில் அழிந்தார். அம்மாவுக்கு ஒரு விபத்தில் கை செயலிழந்தது, ஐந்து வயதிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டது குழந்தை ஜேட்தான். 2002இல் சாதாரண மக்களுக்கான பிக் பிரதரில் வந்தபோது அவருடைய உடம்பையும் அறியாமையையும் வைத்துப் பத்திரிகைகள் பன்றி என்றே எழுதின. அப்பா வழித் தாத்தா கரீபியன் வம்சாவளி. அதனால் நான் எப்படி இனவெறி பிடித்தவளாவேன் என்று கேட்டார். உண்மையாகவே நம்பித்தான் கேட்டிருப்பார். தன் ரத்தத்தில் இருப்பது தன் வாயைக் காவல் காக்கும் என்று நம் ஊரிலும் நம்புகிறார்கள்.

2002இல் அவரைப் பன்றி என்று எழுதிய அதே ஊடகங்கள் 2007இல் நாட்டுக்கே அவமானம் என்று எழுதின. சிரித்தவர்கள், பதிவை மறைத்தவர்கள், எஜமானர் வேலைக்காரர் விளையாட்டை வடிவமைத்தவர்கள் எல்லோரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவர் சொன்னது தவறு, மிகத் தவறு. ஆனாலும் ஒருத்தியை மட்டும் ஊரே கல்லெறிந்தால் மற்ற வீடுகளில் எதுவும் மாறாது.

2008 ஆகஸ்டில் இந்திய பிக் பாஸின் இரண்டாம் தொடருக்கு ஜேட் வந்தார். தொகுப்பாளர் ஷில்பா ஷெட்டி. வந்த இரண்டொரு நாளில், கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அந்த வீட்டுக்குள் வைத்தே அவருக்குச் சொல்லப்பட்டது. உடனே ஊர் திரும்பினார். 2009 மார்ச் 22 அன்று, 27 வயதில், இரண்டு சிறு மகன்களை விட்டுவிட்டு இறந்துபோனார்.

நம் பக்கத்து வீடு

2017இல் தமிழ் பிக் பாஸ் தொடங்கியபோது, முதல் தொடரிலேயே ஒரு போட்டியாளர் இன்னொரு பெண்ணின் நடத்தையைச் ‘சேரி பிஹேவியர்’ என்றார். ஒளிபரப்பும் ஆனது. எதிர்ப்புக் கிளம்பியது. பத்து வருடம் முன்பு ஜேட் வீசிய அதே சேரி. அங்கே இனத்தைக் குத்தியது, இங்கே சாதியையும் ஏழ்மையையும் சேர்த்துக் குத்தியது. ஷில்பாவுக்காகக் கொதித்த நாம், இங்கே ‘அது ஒரு பேச்சு வழக்குதானே’ என்று எத்தனை பேர் சொன்னோம் என்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது இதே நிலையில் இருப்பவருக்கு

வெளிநாட்டில் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்பதுண்டு, என்ன செய்வது என்று. நான் சொல்வது இதுதான். முதல் தடவையே, அது சிறிதாக இருக்கும்போதே, தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். சண்டையின் நடுவே சொன்னால் அது சண்டையின் ஒரு பகுதியாகிவிடும். ‘நீ இனவெறி பிடித்தவன்’ என்று ஆளைச் சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார், பேச்சு வேறெங்கோ போய்விடும். ‘நேற்று என் கையைப் பற்றிச் சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை, இனி சொல்லாதே’ என்று அந்த வார்த்தையைச் சொல்லுங்கள். பெயரை ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். வீட்டில் ஒருவரையாவது முன்கூட்டியே துணைக்குப் பிடித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது நீ வாய் திறக்க வேண்டும் என்று கேட்டே விடுங்கள். தேதியும் சொன்ன வார்த்தையும் ஃபோனில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து ‘அப்படி எதுவும் சொல்லலையே’ என்பார்கள், நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்தியக் கல்லூரி விடுதி என்றால் கையில் ஒரு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ராகிங் விதிகளைத் திருத்தியபோது, நிறம், இனம், சாதி, மொழி, பிறந்த ஊர், தோற்றம் இவற்றைக் காரணமாக வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்குவதையும் ராகிங் என்றே சேர்த்தது. 1800 180 5522 என்ற உதவி எண்ணும் உண்டு. ‘இது ரூம்மேட் பிரச்சினை’ என்று வார்டன் சொன்னால் இந்தத் திருத்தத்தைக் காட்டலாம். எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் வீடு மாறுங்கள். முன்பணம் போகுமே என்று யோசிப்பீர்கள். தினமும் உங்கள் சமையலறைக்குள் நுழையவே தயங்குகிற நிலை வந்துவிட்டால் அந்த முன்பணத்தைவிட அதிகம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. மாறியவர் தோற்றவர் இல்லை, ஷில்பாவுக்குக் கதவு பூட்டியிருந்தது, உங்களுக்கு இல்லை.

போன வருடம் மணிப்பூரில் வன்முறைச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் நினைவு வந்தது. பழைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். குவஹாத்தியில் இருக்கிறான், குடும்பம் பத்திரமாக இருக்கிறது. வேளச்சேரி வீட்டைப் பற்றி நான் ஆரம்பித்ததும், அதெல்லாம் பழைய கதை அண்ணா என்றான். பரவாயில்லை என்று சொல்லாதே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கோபம் வந்ததா என்று கேட்டேன். தினமும் வந்தது என்றான். உன் முழுப் பெயரை ஒரு தடவை சொல், நான் திருப்பிச் சொல்கிறேன் என்றேன். மூன்று முறை திருத்தினான்.